ஒரு துளி ரத்தம், ஒரு கண்ணாடித் தகடு: ஸ்மியர் தயாரிக்கும் முறை

ஒரு சிறு துளி ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடின் மேல் மெல்லிய படலமாக இழுத்து, உலரவைத்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்வதுதான் ரத்த ஸ்மியர். துளியாக இருக்கும்போது ரத்தத்தில் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே சில ஆயிரம் வெள்ளணுக்களும், ஒன்றரை லட்சத்திலிருந்து நான்கு லட்சம் வரையிலான பிளேட்லெட் எனும் தட்டணுக்களும் இருக்கின்றன. இந்தக் கூட்டத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் ஒவ்வோர் அணுவின் உருவமும் நிறமும் தெரியும்.

சிறிய ஊர்களின் லேப்களில்கூட இன்று ரத்த அணுக்களை எண்ணும் இயந்திரம் வந்துவிட்டது. எண்ணிக்கையையும் சராசரி அளவையும் அது மனிதக் கண்ணைவிட வேகமாகவும் துல்லியமாகவும் தரும். ஆனால் அணுவின் உருவம் மாறியிருந்தால், "இதில் ஏதோ சரியில்லை" என்று எச்சரிப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடும். சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி இருக்கிறதா, வெள்ளணுக்களுக்கு இடையே ரத்தப் புற்றுநோயைக் காட்டும் முதிராத அணுக்கள் தலைகாட்டுகின்றனவா, சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்திருக்கின்றனவா, உடைந்து துண்டுகளாகக் கிடக்கின்றனவா என்பதையெல்லாம் ஸ்மியரில்தான் பார்த்தாக வேண்டும். இயந்திரம் தரும் எந்தெந்த முடிவுகளை ஸ்மியர் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு, ஆய்வக ரத்தவியலுக்கான பன்னாட்டுச் சங்கம் 2005-இல் 41 விதிகளை வகுத்துத் தந்தது.

ஸ்மியரைப் படிக்க நீண்ட பயிற்சி வேண்டும். ஆனால் படிப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், கெட்டுப்போன ஸ்லைடிலிருந்து நல்ல விடை எடுக்க முடியாது. தயாரிப்பில் நேர்ந்த பிழை பல நேரம் நோயின் அடையாளம் போலவே தோற்றம் காட்டும். இருக்கும் நோயை மறைத்தும் விடும். ஆகவே இந்த வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொண்டு செய்பவரின் ஸ்லைடில் பிழை குறையும்.

ஸ்லைடு

வழக்கமான ஸ்லைடு 75 மி.மீ. நீளமும் 25 மி.மீ. அகலமும் கொண்டது, கனம் ஏறக்குறைய 1 மி.மீ. ஒரு முனையில் சொரசொரப்பாக்கப்பட்ட பட்டை உள்ள ஸ்லைடு கிடைத்தால் நல்லது; அதில் பென்சிலால் எழுதலாம். பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்லைடைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆனால் விரல் பட்ட எண்ணெய்ப் பசை ஒரு துளி இருந்தாலும் அந்த இடத்தில் ரத்தம் ஒட்டாமல் விலகி, ஸ்மியரில் வட்ட வட்டமாக ஓட்டை விழும். ஆல்கஹாலில் துடைத்து, பஞ்சுநூல் ஒட்டாத துணியால் உலர்த்தி, பிறகு ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும்.

ரத்தத்தை இழுப்பதற்கு இன்னொரு ஸ்லைடு தேவை. அதன் முனை வழவழப்பாக, சில்லு பெயராமல் இருக்க வேண்டும். அதன் அகலம் ஸ்மியர் போடும் ஸ்லைடைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால், படலத்தின் இரு பக்க ஓரங்களும் ஸ்லைடுக்குள்ளேயே அடங்கும். அந்த ஓரங்களையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாக வேண்டியிருப்பதால் இது முக்கியம். ஒவ்வொருவர் ரத்தத்தை இழுத்த பிறகும் இழுக்கும் ஸ்லைடைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஒருவரின் அணுக்கள் அடுத்தவர் ஸ்லைடில் போய்ச் சேர்ந்துவிடும்.

ரத்தம் எடுத்தல்

விரலில் குத்தியும் எடுக்கலாம், நரம்பில் ஊசி போட்டும் எடுக்கலாம். விரலென்றால் பெரியவர்களுக்கு இடது கை மோதிர விரலின் நுனி, நடுவில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். கைக்குழந்தைகளுக்குக் குதிகாலின் பக்கவாட்டிலோ கால் பெருவிரலிலோ எடுப்பார்கள். 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்த பின் அந்த இடம் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஆல்கஹால் ரத்தத்தோடு கலந்து சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் லான்செட்டால் குத்தியதும் வரும் முதல் துளியில் திசுநீர் கலந்திருக்கும். அதை உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்து ரத்தம் எடுத்தால் மறுபடியும் திசுநீர்தான் சேரும்.

நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு சேர்த்த குழாயில் சேகரிக்கப்படுகிறது. லேப்களில் ஊதா மூடி போட்ட குழாய் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த உப்பு ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. அணுக்களின் உருவமும் அதிகம் மாறுவதில்லை. ஹெப்பாரின் குழாய் ஸ்மியருக்கு ஏற்றதல்ல. சாயமேற்றும்போது பின்புலம் முழுவதும் நீலம் பாய்ந்துவிடும். ரத்தமும் உப்பும் கலக்கக் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டினால் போதும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும்.

அதற்குப் பிறகு நேரம்தான் எதிரி. குழாயில் எடுத்த ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டுவிடுவது நல்லது. நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தாமதமானால் சிவப்பணுக்களின் ஓரம் முள்முள்ளாகச் சுருங்குகிறது. மோனோசைட் எனும் வெள்ளணுக்களில் குமிழிகள் தோன்றுகின்றன. நியூட்ரோஃபில்களின் உட்கரு உடைந்து உருண்டைகளாகிறது. லிம்போசைட்டின் வட்டமான உட்கரு மடிந்து பிளவுபட்டது போலத் தெரிகிறது. நோயிலும் இதே மாற்றங்கள் வரும் என்பதுதான் சிக்கல். காலையில் எடுத்த ரத்தத்துக்கு மாலையில் போட்ட ஸ்மியரைப் பார்த்து, "அணுக்கள் இயல்பாக இல்லை" என்று யாராவது எழுதினால், அது நோயாளியைப் பற்றிய தகவலா, மேசை மேல் காத்துக்கிடந்த குழாயைப் பற்றிய தகவலா என்று சொல்ல வழியில்லை.

இழுத்தல்

இந்த வேலையின் உயிர்நாடி சில நொடிகளில் முடிந்துபோகும் ஒரு கை அசைவு. மேசையில் கிடத்திய ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய ஒரு செ.மீ. உள்ளே, நடுவில், 2 முதல் 3 மி.மீ. விட்டமுள்ள துளி ஒன்றை வைக்க வேண்டும். துளி பெரிதானால் படலம் தடிக்கும். ஸ்லைடின் மறுமுனையைத் தாண்டியும் ஓடும். இழுக்கும் ஸ்லைடின் முனையைத் துளிக்கு முன்புறம், அதாவது ஸ்லைடின் வெற்றிடம் உள்ள பக்கத்தில், 30 முதல் 45 பாகை வரை சாய்த்து ஊன்றி, மெல்லப் பின்னோக்கி நகர்த்தித் துளியைத் தொடவைக்க வேண்டும். தொட்டதும் ரத்தம் அந்த முனையோடு ஒட்டி இரு பக்கமும் ஓடும். அது முனையின் இரு கோடிகளையும் நெருங்கும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு தயங்காமல் ஒரே சீரான வேகத்தில் முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கை முன்னே போகும்போது ரத்தம் இழுக்கும் ஸ்லைடின் பின்னாலேயே தொடர்ந்து வருகிறது. கண்ணாடி விளிம்பு அணுக்களின் மேல் ஏறி நசுக்குவதில்லை. போகப் போக ரத்தம் தீர்ந்துகொண்டே வருவதால் படலமும் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் வால் போல முடிகிறது. அழுத்தம் கொடுக்கத் தேவையில்லை; இழுக்கும் ஸ்லைடின் எடையே போதும். அழுத்தினால் வெள்ளணுக்கள் உடைவதோடு, மிச்சமுள்ளவையும் வாலுக்கு இழுத்துச் செல்லப்படும். நடுவழியில் கை தயங்கினால் தயங்கிய ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே ஒரு வரப்பு விழும்.

சாய்வும் வேகமும் ரத்தத்துக்கு ஏற்ப மாற வேண்டும். சாய்வு நிமிர நிமிர, வேகம் கூடக் கூடப் படலம் தடிமனாகும். சோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருக்கும். அதைச் சற்று நிமிர்ந்த கோணத்தில் வேகமாக இழுத்தால்தான் போதிய தடிமன் கிடைக்கும். பிறந்த குழந்தைகளின் ரத்தத்திலும், சிவப்பணு பெருகும் நோயுள்ளவர்களின் ரத்தத்திலும் அணுக்கள் நெருங்கியிருக்கும். அங்கே கோணத்தை 25 பாகை அளவுக்குத் தாழ்த்தி நிதானமாக இழுக்க வேண்டும். குளிர்ச்சியில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் ரத்தமும் உண்டு. அப்படிப்பட்ட ரத்தக் குழாயையும் ஸ்லைடையும் 37 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றி, உடனே இழுத்துவிட வேண்டும்.

நன்றாக இழுத்த ஸ்மியரை வெறுங்கண்ணாலேயே அடையாளம் காணலாம். 3 முதல் 4 செ.மீ. நீளத்தில், ஸ்லைடின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நீண்டிருக்கும். தலைப்பகுதி தடித்தும் வால்பகுதி மெலிந்தும், இடையில் படிப்படியான இறக்கமும் இருக்கும். இரு பக்கமும் கண்ணாடி தெரியும். ஓட்டை, கோடு, வரப்பு எதுவும் இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் வால்பகுதியில் வானவில் போன்ற மினுமினுப்புத் தெரியும். வாலில் நீள நீளமாகக் கோடுகள் பிரிந்து நின்றால் இழுத்த ஸ்லைடின் முனை சில்லு போயிருக்கிறது, அல்லது தூசு ஒட்டியிருக்கிறது, அல்லது துளி வைத்தபின் தாமதித்ததில் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். புதிதாகக் கற்பவர்களுக்குக் கை பழக நிறைய ஸ்லைடுகள் செலவாகும். அதில் கஞ்சத்தனம் காட்டும் லேப் பின்னால் பிழையான ரிப்போர்ட்டில் அதைவிடப் பெரிய விலை கொடுக்கும்.

உலர்த்தலும் நிலைப்படுத்தலும்

இழுத்த படலம் காற்றில் விரைவாக உலர வேண்டும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களின் ஈரக்காற்றிலும் மெதுவாக உலரும் ஸ்லைடில் சிவப்பணுக்களின் நடுவே நீர்க்குமிழி போல ஒளிரும் வளையங்கள் உண்டாகின்றன. பழகாத கண்ணுக்கு அவை ரத்தச்சோகையின் அடையாளமாகவோ கிருமியாகவோ படலாம். மின்விசிறிக் காற்றில் காட்டலாம். ஆனால் நெருப்பில் காட்டி உலர்த்தக் கூடாது.

உலர்ந்த ஸ்லைடை அப்படியே விட்டுவைத்தால் அணுக்கள் கெடும். அவற்றின் புரதத்தை உறையவைத்துக் கண்ணாடியோடு இறுகப் பற்றவைக்க, நீர் கலக்காத தூய மெத்தனாலில் சில நிமிடங்கள் அமிழ்த்துவார்கள். இதற்கு நிலைப்படுத்தல் என்று பெயர். மெத்தனாலில் சிறிதளவு நீர் இருந்தாலும் முன்பு சொன்ன அதே வளையங்கள் தோன்றும். மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மூடி திறந்தே கிடக்கும் பாட்டில் சில நாட்களில் பயனற்றதாகிவிடும். தினமும் புது மெத்தனால், இறுக மூடிய பாத்திரம் என்ற இரண்டு பழக்கமும் இருந்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மெத்தனால் நஞ்சு, எளிதில் தீப்பற்றுவது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சாயம்

ரத்த அணுக்களுக்குச் சாயமேற்றிப் பிரித்தறியும் கலையைத் தொடங்கிவைத்தவர் ஜெர்மனியின் பால் எர்லிஷ். 1870-களின் இறுதியில், அப்போது புதிதாக வந்திருந்த ரசாயனச் சாயங்களைக் கொண்டு வெள்ளணுக்களை வகைப்படுத்திக் காட்டினார். அடுத்த பெரிய பாய்ச்சல் 1891-இல் நிகழ்ந்தது. ரஷ்ய மருத்துவர் திமித்ரி ரோமனோவ்ஸ்கி, பழையதாகிப்போன மெத்திலீன் நீலத்தை ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தோடு கலந்து மலேரியா ரத்தத்தில் ஏற்றினார். நீலமும் சிவப்பும் மட்டுமே தெரியவேண்டிய இடத்தில் கிருமியின் உட்கரு ஊதா நிறத்தில் தனித்து நின்றது. அதே ஆண்டில் எர்ன்ஸ்ட் மலாகோவ்ஸ்கியும் தனியாக இதைக் கண்டிருந்தார். மெத்திலீன் நீலம் பழசாகும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து அஷூர் பி என்ற சாயம் உண்டாகிறது; அதுவும் ஈயோசினும் சேர்ந்துதான் அந்த ஊதாவைத் தருகின்றன என்பது பின்னாளில் விளங்கியது.

இன்று உலகெங்கும் லேப்களில் இருக்கும் ரத்தச் சாயங்கள் பெரும்பாலும் இந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவை. வில்லியம் லீஷ்மன் 1901-இலும், அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹோமர் ரைட் 1902-இலும், ஹாம்பர்க்கில் பணியாற்றிய குஸ்டாவ் கீம்சா அதையொட்டிய ஆண்டுகளிலும் தத்தம் கலவையைத் தந்தார்கள். இந்தியாவில் அன்றாட ஸ்மியருக்கு லீஷ்மன் சாயமும் மலேரியாவுக்குக் கீம்சாவும் வெகுவாகப் புழங்குகின்றன. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரான லீஷ்மன், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்துவிட்டு ஊர் திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரல் ஸ்மியரில் கண்ட விநோத உருவங்களைப் பற்றி 1903-இல் எழுதினார். அதே ஆண்டு சென்னையில் பணிபுரிந்த சார்லஸ் டோனவன், நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த ஸ்மியரில் அதே உருவங்களைக் கண்டார். காலா ஆசார் நோய்க்குக் காரணமான கிருமி இப்படித்தான் பிடிபட்டது. இருவர் பெயரையும் சேர்த்து அவை இன்றும் லீஷ்மன்-டோனவன் உருவங்கள் எனப்படுகின்றன. ஸ்லைடை ஒழுங்காகத் தயாரித்து ஒழுங்காகச் சாயமேற்றியதால் மருத்துவத்துக்குக் கிடைத்த பலன்களில் இது ஒன்று.

லீஷ்மன் சாயப் பொடி 0.15 கிராம் எடுத்து 100 மி.லி. மெத்தனாலில் கரைப்பது வழக்கம். கரைத்ததும் பயன்படுத்தாமல் சில நாட்கள் பக்குவப்பட விட வேண்டும். சாயமே மெத்தனாலில் இருப்பதால் இந்த முறையில் நிலைப்படுத்தலும் சாயமேற்றலும் ஒரே இருப்பில் நடந்துவிடும். ஸ்லைடைச் சமமான தாங்கியில் வைத்து, படலம் மூழ்கும் அளவுக்குச் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விடவேண்டும். இந்த நேரத்தில் அணுக்கள் நிலைப்படுகின்றன. சாயம் உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு சாயத்தைப் போல இரு மடங்கு பஃபர் நீரை (அமில-காரத் தன்மை மாறாமல் நிற்கும் நீர்) சேர்த்து, மெல்ல ஊதியோ பிப்பெட்டாலோ கலக்க வேண்டும். மேற்பரப்பில் உலோகம் போன்ற பளபளப்பு மிதக்கும். 7 முதல் 10 நிமிடம் கழித்து நீரை ஊற்றிக் கழுவும்போது ஒரு கவனம் தேவை. சாயத்தை முதலில் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கழுவினால் அந்தப் பளபளப்பு அப்படியே படலத்தின் மேல் படிந்து, கறுப்புப் பொட்டுகளாக ஸ்லைடு முழுக்க நிற்கும். சாயம் மேலே இருக்கும்போதே நீரை விட்டு, அது மிதந்து வழிந்து வெளியேறச் செய்ய வேண்டும். பின்பக்கத்தைத் துடைத்து, ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்தி உலரவிட்டால் வேலை முடிந்தது.

பஃபர் நீரின் பிஎச் அளவு நிறத்தைத் தீர்மானிக்கிறது. அன்றாட ஸ்மியருக்கு 6.8, மலேரியாவுக்கு 7.2. குழாய்த்தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் அப்படியே ஊற்றினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நிறம் வரும். நீர் காரத்தன்மையாக இருந்தாலோ, படலம் தடித்திருந்தாலோ, சாயம் அதிக நேரம் நின்றாலோ எல்லாம் நீலமாகிச் சிவப்பணுக்கள்கூடச் சாம்பல் நீலத்தில் தெரியும். அமிலத்தன்மை கூடினாலோ, அதிகம் கழுவினாலோ எல்லாம் வெளிறிச் சிவந்து, வெள்ளணுவின் உட்கருவே மங்கிவிடும். சரியாக வந்த ஸ்லைடில் சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும், வெள்ளணுக்களின் உட்கரு ஊதாவாகவும், லிம்போசைட்டின் சுற்றுப்பகுதி வானநீலமாகவும், ஈயோசினோஃபிலின் துகள்கள் ஆரஞ்சுச் சிவப்பாகவும், பேசோஃபிலின் துகள்கள் கருநீலமாகவும், பிளேட்லெட்டுகள் ஊதாத் துகள்களோடும் தெரியும். ஒவ்வொரு நாளும் நோயற்ற ஒருவரின் ஸ்மியரையும் சேர்த்துச் சாயமேற்றி, அன்றைய சாயம் நம்பத்தக்கதா என்று பார்ப்பது நல்ல லேப்களின் வழக்கம்.

மலேரியாவுக்குத் தடித்த ஸ்மியர்

மெல்லிய ஸ்மியரில் அணுக்களின் உருவம் நன்றாகத் தெரியும். ஆனால் அதில் இருக்கும் ரத்தத்தின் அளவு கொஞ்சம். கிருமிகள் குறைவாக உள்ள மலேரியா நோயாளியிடம் எத்தனையோ நூறு காட்சிப் பரப்புகளைப் பார்த்தும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். இதற்குத் தீர்வாக 1903-இல் ரொனால்டு ராஸ் முன்வைத்தது தடித்த ஸ்மியர். இதில் துளியை இழுப்பதில்லை. இன்னொரு ஸ்லைடின் மூலையால் வட்டமாகச் சுழற்றி, ஏறக்குறைய 1 செ.மீ. விட்டத்துக்குப் பரப்புவார்கள். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகப் படிக்கத் தெரிய வேண்டும். அதுதான் சரியான தடிமன். அணுக்கள் பல அடுக்குகளாகக் குவிந்திருப்பதால், ஒரே காட்சிப் பரப்பில் மெல்லிய ஸ்மியரைவிடப் பல மடங்கு ரத்தம் பார்வைக்கு வருகிறது.

அத்தனை அடுக்குச் சிவப்பணுக்கள் மறைத்தால் கிருமி எப்படித் தெரியும்? அதனால்தான் தடித்த ஸ்மியரை மெத்தனாலில் நிலைப்படுத்துவதில்லை. நீர் கலந்த சாயம் பட்டதும் சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கரைந்தோடிவிடும். கிருமிகளும் வெள்ளணுக்களும் பிளேட்லெட்டுகளும் மட்டும் மிஞ்சும். மலேரியாப் பணியாளர்கள் ஒரே ஸ்லைடில் இரண்டு வகை ஸ்மியரும் போடுவது வழக்கம். அப்போது மெல்லியதை நிலைப்படுத்தும் மெத்தனாலோ அதன் ஆவியோ தடித்ததில் படாமல் ஸ்லைடைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கோடை வெப்பத்தில் ஸ்லைடு நாள்கணக்கில் கிடந்தாலும் தடித்த ஸ்மியர் தானாகவே நிலைப்பட்டுவிடும். பிறகு ஹீமோகுளோபின் கரையாது. ஆகவே எடுத்த அன்றோ மறுநாளோ சாயமேற்றிவிட வேண்டும். உலரும் நேரத்தில் ஈ, எறும்பு, கரப்பான்பூச்சி எட்டாத இடத்தில் மூடி வைப்பதும் அவசியம். நிலைப்படுத்தாத ரத்தத்தை அவை தின்றுவிடும்.

கீம்சா சாயத்தை 3 சதவீதமாக நீர்க்கச் செய்து 30 முதல் 45 நிமிடம் வைப்பது ஒரு முறை. அவசரமென்றால் 10 சதவீதத்தில் 10 நிமிடம் வைக்கலாம். ஆனால் சாயம் அதிகம் செலவாகும். கூட்டமாகக் காய்ச்சல் பரவும்போது இவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. அதற்காகவே மலாயாவின் கோலாலம்பூரில் பணியாற்றிய ஜான் ஃபீல்டு 1940-களின் தொடக்கத்தில் நீரில் கரைந்த விரைவுச் சாயம் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவில் ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் 1944-இல் விலை குறைந்த ஒரு சாயத்தைத் தந்தார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஜே.எஸ்.பி. சாயம் எனப்படும் அது, நாட்டின் மலேரியா ஒழிப்புப் பணியில் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வரை போய்ச் சேர்ந்தது.

யானைக்கால் நோய்க்கான தேடலிலும் தடித்த ஸ்மியரே பயன்படுகிறது. ஆனால் இங்கே எடுக்கும் நேரம் முக்கியம். இந்த நோயை உண்டாக்கும் வூச்சரேரியா புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளின் ரத்தக் குழாய்களில் தங்கி, இரவில் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன. இந்த இரவுப் பழக்கத்தை 1870-களில் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். தமிழ்நாட்டிலும் இரவில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுத்ததற்கு இதுவே காரணம். பகலில் எடுத்த ஸ்லைடில் எதுவும் இல்லையென்றால் அந்த உடலில் புழு இல்லை என்று பொருளாகாது.

மைக்ரோஸ்கோப்பின் கீழ்

சாயமேறி உலர்ந்த ஸ்லைடை நேராக எண்ணெய் லென்ஸில் வைப்பது தவறு. முதலில் பத்து மடங்கு லென்ஸில் முழுப் படலத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அணுக்கள் சீராகப் பரவியிருக்கின்றனவா, சாயம் சரியா, வெள்ளணுக்கள் வாலில் போய்க் குவிந்துவிட்டனவா, பிளேட்லெட் கட்டிகள் உண்டா என்பது இங்கேயே தெரிந்துவிடும். பிறகு நாற்பது மடங்கு லென்ஸ். அதன் பிறகு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸ்.

பார்க்கவேண்டிய இடம் தலையும் அல்ல, வாலும் அல்ல. தலையில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நாணய அடுக்குப் போலத் தெரியும். அதை நோயென்று நினைத்துவிடக் கூடாது. வால்முனையில் சிவப்பணுக்கள் தட்டையாகப் பரந்து, இயல்பான நடு வெளிறல் இல்லாமல் தெரியும். வாலுக்குச் சற்று முன்னால், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்கும் பகுதியே படிக்க ஏற்றது. அங்கே சிவப்பணுவின் அளவைச் சிறிய லிம்போசைட்டின் உட்கருவோடு ஒப்பிடுவார்கள்; இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, 7 முதல் 8 மைக்ரான். வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணும்போது ஓரம் வரை போய்த் திரும்பி ஏறி இறங்கும் பாதையில் நகர வேண்டும். இழுக்கும்போது பெரிய அணுக்களான நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் ஓரங்களுக்கும் வாலுக்கும் தள்ளப்பட, லிம்போசைட்டுகள் நடுவில் தங்கிவிடுகின்றன. நடுவில் மட்டும் எண்ணினால் லிம்போசைட்டின் பங்கு உண்மையைவிடக் கூடுதலாக வரும். வழக்கமாக 100 வெள்ளணுக்கள் எண்ணப்படும். துல்லியம் தேவையென்றால் 200.

மலேரியாவுக்குத் தடித்த ஸ்மியரில் குறைந்தது 100 எண்ணெய்க் காட்சிப் பரப்புகளைப் பார்த்த பிறகே "கிருமி இல்லை" என்று எழுத வேண்டும். கிருமி இருந்தால் வெள்ளணுக்களோடு சேர்த்து எண்ணுவார்கள். 200 வெள்ளணுக்கள் எண்ணி முடிப்பதற்குள் 150 கிருமிகள் தென்பட்டதாக வைத்துக்கொண்டால், மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளணுக்கள் என்ற பொதுக் கணக்கின்படி, 150-ஐ 8,000-ஆல் பெருக்கி 200-ஆல் வகுக்க 6,000 வரும். ஒரு மைக்ரோலிட்டரில் அத்தனை கிருமிகள். எந்த இனம் என்பதற்கு மெல்லிய ஸ்மியருக்குத் திரும்ப வேண்டும். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு வீங்கிப் புள்ளிகளோடு தெரியும். ஃபால்சிபாரத்தில் அணு வீங்குவதில்லை. மெல்லிய வளையங்கள் ஒரே அணுவில் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். வாழைப்பழ வடிவக் கிருமி கண்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

டெங்கு பரவும் மாதங்களில் குடும்பங்கள் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கேட்டுக் கலங்கி நிற்பதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அங்கே ஸ்மியரின் மதிப்பு தெளிவாகத் தெரியும். சிலருடைய ரத்தத்தில் ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இது நோயல்ல, குழாய்க்குள் மட்டும் நடப்பது. இயந்திரம் அந்தக் கட்டியைத் தனித்தனிப் பிளேட்லெட்டுகளாக எண்ணாததால், உண்மையில் இரண்டு லட்சம் உள்ளவருக்கு 40,000 என்று ரிப்போர்ட் வரலாம். ஸ்மியரின் வால்முனையையும் ஓரங்களையும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஊதாநிறக் கொத்துகள் கண்ணில் பட்டுவிடும். கொத்து இருந்தால் அந்த எண்ணை நம்பாமல், சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து எண்ணி, சிட்ரேட் திரவம் சேர்ந்து நீர்த்ததை ஈடுகட்ட 1.1-ஆல் பெருக்குவார்கள். கொத்து இல்லையென்றால் எண்ணெய்ப் பரப்பு ஒன்றில் சராசரியாக எத்தனை பிளேட்லெட் என்று பார்த்து, அதை 15,000 முதல் 20,000 வரையிலான எண்ணால் பெருக்கினால் தோராயக் கணக்கு கிடைக்கும். பரப்புக்கு 10 இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு லட்சம்; 2 தான் இருந்தால் இயந்திரம் சொன்ன குறைவு உண்மை, சிகிச்சையில் தாமதம் கூடாது. விரலில் குத்தி நேராகப் போட்ட ஸ்மியரில் பிளேட்லெட்டுகள் இயல்பாகவே கொத்தாகும் என்பதால் அதை வைத்து எண்ணக் கூடாது.

பெயரும் பாதுகாப்பும்

எவ்வளவு அழகாக இழுத்த ஸ்லைடும் யாருடையது என்று தெரியாவிட்டால் குப்பைக்குத்தான் போக வேண்டும். பெயர், எண், தேதி மூன்றையும் ரத்தம் வைத்தவுடனேயே எழுத வேண்டும். பேனா மை மெத்தனாலில் அழிந்துவிடும், பென்சில் அழியாது. சொரசொரப்பு முனை இல்லாத ஸ்லைடில், உலர்ந்த படலத்தின் தடித்த பகுதியிலேயே பென்சிலால் எழுதலாம்.

கையாளப்படும் ஒவ்வொரு துளியும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. கிருமிகளைச் சுமந்திருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் கையுறை அணிய வேண்டும். பயன்படுத்திய லான்செட்டும் ஊசியும், 2016-இல் வந்த உயிர் மருத்துவக் கழிவு விதிகளின்படி, துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் போட வேண்டியவை. உடைந்த கண்ணாடி நீலக் கொள்கலனுக்குரியது. நிலைப்படுத்தாத ஸ்லைடில் கிருமிகள் இன்னும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால் சாயமேற்றும் வரை வெறுங்கையால் தொடக் கூடாது.

படித்து முடித்த ஸ்லைடில் எண்ணெய் தங்கினால் நாளடைவில் சாயம் வெளுக்கும். மென்தாளை ஒற்றி எண்ணெயை எடுத்துவிட்டு, தூசும் வெயிலும் படாத பெட்டியில் செங்குத்தாக அடுக்கி வைக்க வேண்டும். மலேரியாப் பணியில் ஒரு நிலையத்தில் படித்த ஸ்லைடுகளில் ஒரு பங்கை இன்னொருவர், முதல் முடிவைத் தெரிந்துகொள்ளாமல், மறுபடி படித்துச் சரிபார்க்கிறார். ரத்தப் புற்றுநோய் நோயாளியின் முதல் ஸ்லைடைச் சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்லைடோடு ஒப்பிட வேண்டிய தேவையும் வரும். அப்படி மறுபடி எடுத்துப் படிக்கும் நிலையில் பெயரோடும் நிறத்தோடும் ஸ்லைடைப் பெட்டியில் சேர்ப்பதோடு ஸ்மியர் தயாரிக்கும் வேலை நிறைவடைகிறது.